மழையில் நிற்கும் தூண்கள்
சிட்கா வரலாற்றுப் பூங்காவுக்கு ஒரு பயணம்

சிட்கா நகருக்குச் சாலை கிடையாது. வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரமாகச் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான தீவுகளில் பாரனோவ் தீவும் ஒன்று. அதன் மேற்குக் கரையில், பசிபிக் மாக்கடலைப் பார்த்தபடி இருக்கிறது சிட்கா. நீங்கள் அங்கே போக வேண்டுமானால் விமானத்தில் இறங்க வேண்டும். அல்லது கப்பலில் வந்து சேர வேண்டும். நகரின் கடைவீதியிலிருந்து கடற்கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால், இந்தியன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு சிறு காடு தெரியும். அதுதான் சிட்கா தேசிய வரலாற்றுப் பூங்கா. பரப்பு சுமார் 113 ஏக்கர்தான். நம் பக்கத்தில் ஒரு பெரிய தென்னந்தோப்பு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தச் சிறு நிலத்தில் ஒரு போர்க்களம், ஒரு மழைக்காடு, சால்மன் மீன் ஏறும் ஓர் ஆறு, மரத்தில் செதுக்கிய குலக்குறித் தூண்கள் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

குடையோ மழைச்சட்டையோ இல்லாமல் புறப்படாதீர்கள். முதலில் மழையைப் பற்றியே பேசுவோம்.

குளிர்ந்த நாட்டில் மழைக்காடா?

மழைக்காடு என்றால் அமேசான், காங்கோ, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகள் ஆகியவைதாம் நினைவுக்கு வரும். சிட்காவோ ஏறத்தாழ 57 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அதே அட்சரேகையில் கனடாவின் உட்பகுதியில் குளிர்காலத்தில் மூச்சுவிட்டால் மீசையில் பனி உறைந்துவிடும். சிட்காவிலோ சனவரி மாதச் சராசரி வெப்பநிலைகூட உறைநிலைக்குச் சற்று மேலேயே இருக்கிறது. கோடையிலும் சராசரி 14 அல்லது 15 பாகை செல்சியசைத் தாண்டுவதில்லை. கடுங்குளிரும் இல்லை, வெயிலும் இல்லை.

காரணம் கடல். பசிபிக்கின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காக வரும் நீரோட்டத்தின் ஒரு கிளை வடக்கே திரும்பி, அலாஸ்காவின் கரையை ஒட்டிச் செல்கிறது. அந்த இடத்துக்கு அது வெதுவெதுப்பான நீர். அதன்மேல் வீசிவரும் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு கரைக்கு வருகிறது. கரையிலோ உடனே மலை. மலைமேல் ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, மழையாகக் கொட்டிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி வால்பாறையில் மழை பொழிவதும் இதே விதியின்படிதான்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டைக் கவனியுங்கள். சிட்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 220 செ.மீ. மழை பெய்கிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. எண்களைப் பார்த்தால் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகத் தோன்றாது. சென்னையின் மழை சில வாரங்களில் அடித்துக் கொட்டிவிட்டுப் போய்விடும். மீதி நாளெல்லாம் வெயில் காயும். சிட்காவிலோ ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் மழை. பெரும்பாலும் தூறல். அதோடு குளிர்ச்சி வேறு. பெய்த நீர் ஆவியாகிப் போவதே அரிது. காட்டில் எதைத் தொட்டாலும் ஈரம். இத்தகைய காட்டை ‘மிதவெப்ப மண்டல மழைக்காடு’ என்கிறார்கள். உலகில் இது மிகக் குறைவு. சிலி நாட்டின் தென்கரை, நியூசிலாந்து, டாஸ்மேனியா, நார்வேக் கரையின் சில பகுதிகள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் மிகப் பெரியது கலிபோர்னியாவின் வடபகுதியிலிருந்து அலாஸ்கா வரை நீளும் இந்தக் கரையோரக் காடுதான்.

விழுந்த மரமே நாற்றங்கால்

பூங்காவுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைகிறது. தலைக்கு மேலே சிட்கா ஸ்புரூஸ் மரங்களும் ஹெம்லாக் மரங்களும் நெடுநெடுவென்று நிற்கின்றன. இரண்டும் ஊசியிலை மரங்களே. ஸ்புரூஸ் இனங்களிலேயே மிக உயரமாக வளர்வது இந்தச் சிட்கா ஸ்புரூஸ்தான். தகுந்த இடத்தில் 90 மீட்டரையும் எட்டும். இதன் மரம் எடையில் இலேசானது, ஆனால் உறுதியானது. முதல் உலகப் போரில் விமானங்களின் சட்டங்களை இதைக் கொண்டே செய்தார்கள். கிட்டார், பியானோ ஆகியவற்றின் ஒலிப்பலகைக்கும் இது பேர்போனது.

தரையைப் பாருங்கள். மண்ணே தெரியாது. எல்லாம் பாசி, பாசியின்மேல் பெரணி, கிளைகளிலிருந்து தாடிபோல் தொங்கும் லைக்கன்கள். தண்டெல்லாம் முள்ளாக, அகன்ற இலைகளோடு ஒரு செடி நிற்கும். அதன் பெயர் ‘பிசாசுத் தடி’. தொட்டுவிடாதீர்கள், முள் தைத்தால் எளிதில் வராது. இந்நாட்டுப் பழங்குடியினருக்கு அதன் உட்பட்டை முக்கியமான மருந்து.

இங்கே ஒரு விந்தை. பல இடங்களில் மரங்கள் கயிறு கட்டி நட்டதுபோல் நேர்வரிசையில் நிற்கும். யார் நட்டது? யாரும் இல்லை. எப்போதோ ஒரு பெரிய மரம் காற்றில் சாய்ந்தது. பாசி மூடிய தரையில் விழும் விதைக்கு வேரூன்ற இடமில்லை, வெளிச்சமும் இல்லை. விழுந்த மரத்தின் முதுகோ மேடாக, ஈரமாக, போட்டியில்லாமல் இருக்கிறது. அங்கே விழுந்த விதைகள் முளைத்து, மரத்தின் இருபுறமும் வேர்களைத் தொங்கவிட்டு மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு அடியிலிருந்த மரம் மெல்ல மெல்ல மக்கி மறைகிறது. மேலே வளர்ந்த மரங்கள் காலை அகற்றி நிற்பவைபோல் வேர்க்கால்களின்மேல் நிற்கின்றன. இப்படி விழுந்து கிடக்கும் மரத்துக்குத் ‘தாதி மரம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

மெல்ல மெல்ல என்றேன் அல்லவா? அதுதான் இந்தக் காட்டின் திறவுகோல். நம் நாட்டில் விழுந்த கட்டையைச் சில ஆண்டுகளில் கறையானும் காளானும் தின்று தீர்த்துவிடும். இங்கே குளிரிலும் மிதமிஞ்சிய ஈரத்திலும் நுண்ணுயிர்களின் வேலை மந்தம். ஒரு பெருமரம் முழுக்க மக்க நூற்றாண்டுகள்கூட ஆகும். அதனால் மரங்களுக்குத் தேவையான நைட்ரஜன், மக்காத இலையிலும் கட்டையிலும் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. கண்ணுக்குச் செழிப்பான காடு. ஆனால் நைட்ரஜனுக்குப் பஞ்சம்! அப்படியானால் இத்தனை பெரிய மரங்கள் எப்படி வளர்ந்தன? விடையின் ஒரு பகுதி ஆற்றில் இருக்கிறது.

கடலிலிருந்து வரும் உரம்

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இந்தியன் ஆற்றின் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். ஆற்றுக்குள் தண்ணீரைவிட மீன்தான் அதிகமோ என்று ஐயம் வரும். எல்லாம் இளஞ்சிவப்புச் சால்மன் மீன்கள். இவை ஆற்றின் சரளைக்கற்களுக்கிடையே முட்டையிலிருந்து வெளிவந்து, வசந்தத்தில் கடலுக்குப் போய், கடலிலே தின்று கொழுத்து, தாம் பிறந்த ஆற்றை மணத்தால் அடையாளம் கண்டு திரும்புகின்றன. முட்டையிட்டதும் இறந்துவிடுகின்றன. இந்த இனத்தின் ஆயுள் கணக்காக இரண்டே ஆண்டுகள். இதனால் ஒற்றைப்படை ஆண்டில் வரும் கூட்டமும் இரட்டைப்படை ஆண்டில் வரும் கூட்டமும் ஒரே ஆற்றில் இருந்தும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். இருவரும் ஒருநாளும் பார்த்துக்கொண்டதில்லை!

மீனின் உடல் ஏறத்தாழ முழுவதும் கடலில் தின்ற உணவால் ஆனது. கரடி அதைப் பிடித்துக் காட்டுக்குள் தூக்கிச் செல்கிறது. மீன் மலிந்த காலத்தில் கரடிக்கும் நாக்கு நீண்டுவிடும். முட்டையையும் தலையையும் தின்றுவிட்டு மற்றதை எறிந்துவிடும். கழுகும் காக்கையும் பூச்சிகளும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. கடைசியில் கடலின் நைட்ரஜன் காட்டு மண்ணில் சேர்கிறது.

இதை எப்படி நிரூபிப்பது? நைட்ரஜனில் நிறை எண் 14, 15 என இரண்டு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. 15 உடையது மிகக் குறைவு. ஆனால் கடல் உணவுச் சங்கிலியில் ஒன்றையொன்று தின்று மேலேறும்போது உடலில் அதன் விகிதம் கூடிக்கொண்டே போகும். எனவே சால்மன் மீனின் உடலில் அது அதிகம். ஆற்றங்கரை மரத்தின் இலையை எடுத்து ஆராய்ந்து, அதிலும் 15 அதிகமாக இருந்தால், அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்பது வெளிப்பட்டுவிடும். தென்கிழக்கு அலாஸ்காவில் நடந்த இத்தகைய ஆய்வு ஒன்று 2001இல் வெளியாயிற்று. சால்மன் முட்டையிடும் ஓடைகளின் கரையில் உள்ள மரஞ்செடிகளின் இலையிலுள்ள நைட்ரஜனில் 22 முதல் 24 விழுக்காடு வரை சால்மன் வழியே வந்தது என்று அது கணக்கிட்டது. மீன் ஏறாத ஓடைக்கரைகளில் இது இல்லை. ஆகவே நீங்கள் அண்ணாந்து பார்க்கும் ஸ்புரூஸ் மரத்தில் ஒரு பங்கு மீன்தான் என்று சொன்னால் மிகையாகாது.

காடும் கடனைத் திருப்பித் தருகிறது. மர நிழல் ஆற்று நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. வேர்கள் கரையை அரிக்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. சேறு படிந்தால் சரளைக்குள் இருக்கும் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கே கடற்படைத் தளம் கட்டியபோது இந்த ஆற்று முகத்திலிருந்தே சரளையை வாரிக்கொண்டு போனார்கள். அப்போது பூங்காவாக இருந்தும் பயனில்லை. போர் என்றால் எதுதான் தப்பும்?

பச்சை மரக் கோட்டை

பூங்கா தோன்றியதே ஒரு போரின் நினைவாகத்தான். ஆகையால் ஆற்று முகத்தருகே உள்ள புல்வெளித் திடலுக்கு வாருங்கள்.

இந்த நாட்டின் மக்கள் டிலிங்கிட் இனத்தவர். சிட்கா அவர்களுள் கிக்ஸாடி குலத்தாரின் ஊர். கடல் நீர்நாயின் தோலுக்காக ரஷ்ய வணிகர்கள் இங்கே வந்தார்கள். சீனத்துச் சந்தையில் அந்தத் தோலுக்குப் பொன்விலை. நகருக்கு வடக்கே ரஷ்யர் எழுப்பிய கோட்டையை 1802இல் டிலிங்கிட்டுகள் தாக்கி அழித்தனர். தாங்கள் திரும்ப வருவோம் என்று ரஷ்யருக்குத் தெரியும். அது டிலிங்கிட்டுகளுக்கும் தெரியும். அவர்கள் ஆற்று முகத்தில் புதிதாக ஒரு கோட்டை கட்டினார்கள். ‘ஷிஸ்கி நூவ்’ என்பது அதன் பெயர். ‘இளமரக் கோட்டை’ என்று பொருள்.

இடத்தையும் பொருளையும் அவர்கள் தேர்ந்தெடுத்த விதத்தைப் பாருங்கள். கோட்டையின் முன்னே கடல் ஆழமற்றது. நீர் வற்றும்போது நெடுந்தூரம் சேறும் சரளையுமாக இருக்கும். போர்க்கப்பல் கிட்டே வர முடியாது. சுவருக்கு முற்றி உலர்ந்த பெருமரத்தை அவர்கள் எடுக்கவில்லை. இளம் ஸ்புரூஸ் மரங்களைப் பச்சையாகவே நெருக்கி நட்டார்கள். உலர்ந்த மரம் அடிபட்டால் பிளக்கும், சிம்பு தெறிக்கும். ஈரமுள்ள இளமரமோ வளைந்து கொடுத்து அடியின் விசையை வாங்கிக்கொள்ளும். தொலைவிலிருந்து வந்து வேகம் குன்றிய பீரங்கிக் குண்டுகளால் அந்தச் சுவரைத் துளைக்க முடியவில்லை.

1804 இலையுதிர்காலத்தில் பாரனோவ் என்ற ரஷ்யத் தலைவர் பெரும்படையோடு வந்தார். லிசியான்ஸ்கி என்பவர் தலைமையில் ‘நேவா’ என்ற போர்க்கப்பலும் துணைக்கு வந்தது. முதல் தாக்குதலை டிலிங்கிட்டுகள் முறியடித்தனர். காக்கைத் தலை வடிவான கவசம் அணிந்து, கையில் கொல்லனின் சம்மட்டியோடு போரிட்ட கத்லியான் என்ற வீரனை அவர்கள் இன்றும் பேசுகிறார்கள். பாரனோவ் காயம்பட்டார். ஆனால் டிலிங்கிட்டுகளுக்கு விதி வேறு வழியில் வந்தது. எதிரே ஒரு தீவில் மறைத்து வைத்திருந்த வெடிமருந்தை ஏற்றி வந்த தோணி வெடித்துச் சிதறியது. மருந்தும் போயிற்று, அதில் வந்த இளைஞர்களும் போயினர். மருந்தின்றிக் கோட்டையைக் காக்க முடியாது என்று கண்ட கிக்ஸாடியினர், ஓர் இரவில் குழந்தை குட்டிகளோடு காட்டுக்குள் புகுந்து, மலைகளைக் கடந்து தீவின் வடபகுதிக்குச் சென்றுவிட்டனர். ரஷ்யர்கள் வெறுங்கோட்டையை எரித்தார்கள். இதை ரஷ்யர் வெற்றி என்று எழுதினர். டிலிங்கிட்டுகள் தாங்கள் தோற்றதாக ஒப்புக்கொள்வதில்லை, இடம் பெயர்ந்தோம் என்கிறார்கள். 1820களில் அவர்கள் சிட்காவுக்குத் திரும்பியும் வந்தனர். 1867இல் ரஷ்யா அலாஸ்காவை 72 இலட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றது. கைமாறும் சடங்கு நடந்ததும் சிட்காவில்தான். அப்போதும் நிலத்துக்குரியவர்களை யாரும் கேட்கவில்லை.

கோட்டை சரியாக எங்கே இருந்தது? பல காலம் இது முடிவாகாத கேள்வி. 2019இல் ஆய்வாளர்கள் மண்ணைத் தோண்டாமலே தேடினார்கள். ஒரு கருவி மண்ணுக்குள் ரேடியோ அலைத் துடிப்புகளை அனுப்பி, அவை எதிரொலித்துத் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும். மற்றொன்று மண் மின்சாரத்தைக் கடத்தும் அளவில் உள்ள வேறுபாட்டைக் காட்டும். ஒருமுறை குழி வெட்டி மூடிய மண் பக்கத்து மண்ணைப் போல் மறுபடி ஆவதே இல்லை. இரண்டு கருவிகளும் ஒரே வடிவத்தைக் காட்டின: லிசியான்ஸ்கி வரைந்து வைத்த படத்தோடு ஒத்துப்போகும் கோட்டையின் சுற்றுவடிவம். 2021இல் இது வெளியாயிற்று. கோட்டை இருந்த இடம் என்று வழிவழியாகச் சுட்டப்பட்டு வந்த அதே திடல்தான்.

தூண்களின் கதை

திடலருகே ஒரு தூண் நிற்கிறது. உச்சியில் காக்கை. கத்லியானின் நினைவாக டாமி ஜோசப் என்ற டிலிங்கிட் சிற்பி செதுக்கி, 1999இல் நாட்டப்பட்டது. பாதை நெடுகிலும் இதுபோல் தூண்கள் உண்டு. இவை கடவுளர் சிலைகள் அல்ல, யாரும் வழிபட்டதில்லை. ஒரு குலத்தின் சின்னங்களையும் பழங்கதையையும், இறந்தவரின் நினைவையும் சொல்பவை. நம் நடுகல்லோடு ஒப்பிட்டால் ஓரளவு புரியும்.

வேடிக்கை என்னவென்றால், இங்குள்ள பழைய தூண்களின் மூலங்கள் சிட்காவைச் சேர்ந்தவையே அல்ல. தெற்கே உள்ள ஹைடா, டிலிங்கிட் கிராமங்களிலிருந்து பிராடி என்ற ஆளுநர் சேகரித்தவை. காசான் என்ற ஹைடா ஊரின் தலைவர் 1901இல் ஒரு தூணையும் நான்கு வீட்டுக்கால்களையும் தந்தார். 1904இல் செயின்ட் லூயி நகரப் பொருட்காட்சிக்கு இவை போயின. அலாஸ்காவுக்குக் குடியேற ஆள் பிடிக்க ஒரு விளம்பரம்! அடுத்த ஆண்டு போர்ட்லாந்துப் பொருட்காட்சி. அதன்பின் சிட்கா. 1890இலேயே பொதுப் பூங்காவாக ஒதுக்கப்பட்டிருந்த இந்தக் காட்டில் தூண்களை நட்டார்கள். 1910இல் இது தேசிய நினைவிடமாகவும், 1972இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாகவும் ஆயிற்று.

தூண்கள் செஞ்சீடார் மரத்தாலானவை. மரத்தின் வைரத்தில் துஜாப்ளிசின் என்ற வேதிப்பொருள் உண்டு. அது காளானுக்கு நஞ்சு. அதனால்தான் இந்த மழையிலும் சீடார் தாக்குப்பிடிக்கிறது. வெளிறில் அந்தப் பொருள் இல்லை. அது முதலில் போகும். பெரிய தூண்களின் முதுகைக் குடைந்து எடுத்திருப்பதையும் காணலாம். எடை குறைவது ஒரு பயன். இன்னொன்று, மரம் உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது குறுக்கே சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அந்த இழுப்பில்தான் உருண்டைக் கட்டை வெடிக்கிறது. முதுகைக் குடைந்துவிட்டால் இழுவிசை தளர்கிறது. முகத்தில் செதுக்கிய உருவம் வெடிப்பதில்லை. பாடநூல் இல்லாமல் அவர்கள் கண்ட பொறியியல் இது.

ஆனாலும் மழை விடுமா? ஆண்டுகள் செல்லச் செல்ல நஞ்சு நீரில் கரைந்து போகிறது. உச்சியில் நீர் தேங்குகிறது, பாசி பிடிக்கிறது, அதில் ஒரு ஹெம்லாக் விதை விழுந்து முளைக்கிறது. காட்டுக்குத் தூணும் தாதி மரமும் ஒன்றுதான்! 1939 முதல் மூலத்தூண்கள் பலவற்றுக்குப் பதிலாகப் படிகள் செதுக்கினார்கள். எஞ்சிய பழந்தூண்கள் சிலவற்றைப் பார்வையாளர் நிலையத்தின் கூடத்துக்குள் காணலாம். வெளியே நிற்பவற்றைப் பாசி நீக்கி, போரான் உப்பு பூசி, உச்சியை மூடிக் காக்கிறார்கள்.

இது சரியா? பழைய வழக்கப்படி, நட்ட தூணை யாரும் பழுதுபார்க்கமாட்டார்கள். சாய்ந்தால் கிடக்கும், மக்கும். தேவை வந்தால் புதிய தூணைச் செதுக்கி, விருந்து வைத்து, சாட்சிகள் முன் நாட்டுவார்கள். தூணைவிட நாட்டுதலே பெரிது. ஆனால் அரசாங்கமும் சமயப் பள்ளிகளும் அவ்விருந்துகளையும் மொழியையும் ஒடுக்கிய காலத்தில், புதிய தூண் செதுக்குவோர் அருகிப் போனார்கள். அந்நிலையில் பழந்தூணையும் மக்கவிட்டிருந்தால், அடுத்த தலைமுறை எதைப் பார்த்துக் கற்றிருக்கும்? கூடத்துக்குள் தூணை வைத்தது சரியே என்பது என் கருத்து. ஆனால் அங்கே சிற்பியின் கையில் உளி இயங்குவதைப் பார்த்த பிறகே கூடத்துக்குள் போங்கள்.

செதுக்க மரம் வேண்டுமே? இங்கே ஒரு கவலை இருக்கிறது. செஞ்சீடார் சிட்கா வட்டாரத்தில் இயற்கையாக வளர்வதில்லை. தெற்கிலிருந்து வர வேண்டும். இங்கே வளர்வது மஞ்சள் சீடார். துடுப்புக்கும் முகமூடிக்கும் ஏற்ற மரம். அது தென்கிழக்கு அலாஸ்காவில் இரண்டு இலட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் நின்றபடியே பட்டுப்போயிருக்கிறது. காரணம் விசித்திரமானது. தட்பவெப்பம் கூடியதால் மரம் குளிரில் சாகிறது! முன்பெல்லாம் குளிர்காலத்தில் தரையின்மேல் கிடந்த வெண்பனி, கம்பளிபோல் வேரைக் காத்தது. வெப்பம் சற்றே கூடியதும் பனியாக விழுவது மழையாகிவிட்டது. கம்பளி போய்விட்டது. பிறகு வசந்தத்தில் திடீரென்று ஒரு குளிர் வந்தால், மேலாக ஓடும் மெல்லிய வேர்கள் உறைந்து சாகின்றன. பட்ட மரங்களோ தம் எண்ணெய்ப் பசையால் பல பத்தாண்டுகள் வெள்ளெலும்பாய் நிற்கின்றன. சிட்காவுக்குக் கப்பலில் வந்தால் மலைச்சரிவுகளில் அவற்றைக் காணலாம்.

சுற்றிவர இரண்டு மணி நேரம் போதும். நேரம் இருந்தால் ரஷ்யப் பேராயரின் மாளிகையையும் பாருங்கள். 1840களின் தொடக்கத்தில் கட்டிய மரவீடு. பூங்காவின் ஒரு பகுதியாக நகருக்குள் இருக்கிறது. மீன் ஏறும் பருவத்தில் போனால், ஆற்றங்கரையில் பேசிக்கொண்டே நடங்கள். உங்கள் குரல் கேட்டால் கரடி விலகிப்போகும். இந்தத் தீவின் பழுப்புக் கரடியும் ஆராய்ச்சிக்குரிய பிராணிதான். தாய்வழி மரபணுவில் அது மற்றப் பழுப்புக் கரடிகளைவிடத் துருவக் கரடிக்கே நெருங்கியது. ஆனால் அந்த உறவை நேரில் விசாரிக்க வேண்டாம்.